கூடத்தில் ஒரு பொதுக்குழாய்

அபிவிருத்தி அமைச்சகத்தில் துணைச் செயலாளர் பதவியை அலங்கரிக்கும் என் மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் பொதுக்குழாயும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாகவும், உன் மேசைமேல் உள்ள கோப்புகள் வைத்த இடத்திலேயும் இருப்பதாக நம்புகிறேன்.

விஷயம் ஒன்றுதான். எங்கள் தெருவுக்கு வளர்ச்சி வந்திருக்கிறது. அதைத் தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ள ஆவன செய்யவேண்டும்.

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, குடிநீர்த் திட்டத்து என்ஜினீயர் கையில் ஒரு பழைய வரைபடத்தோடு உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் தரையைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்துவிட்டு, "இங்கதான் சார்" என்றார். என்ன இங்கே என்று கேட்டேன். "பொதுக்குழாய் சார். உங்க தெருவுக்கு ஒண்ணு ஒதுக்கியிருக்கு. இடம் இதுதான்." வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் இந்த மனையில் குதிரை லாயம் இருந்ததாம். இப்போது நம் சோபா இருக்கும் இடத்தில் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி இருந்ததாம். வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், குதிரைகளும் போய்விட்டன, காகிதத்தில் தொட்டி மட்டும் அசையாமல் நிற்கிறது. "இது என் வீட்டுக் கூடம்ப்பா, தெரு இல்ல" என்றேன். "எனக்குத் தெரியுது சார். வரைபடத்துக்குத் தெரியலையே" என்றார், உண்மையான வருத்தத்தோடு. புது வரைபடம் போடத் தலைநகரில் ஒரு குழு இருக்கிறதாம், அந்தக் குழு எங்கே கூடுவது என்று முடிவு செய்ய இன்னொரு குழு இருக்கிறதாம், அதுவரை பழைய வரைபடத்திலிருந்து ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது என்பது திட்டத்துக்கு உதவி செய்யும் வெளிநாட்டின் நிபந்தனையாம். அந்த நாடும் அந்தக் காலத்தில் நம்மை ஆண்ட நாடும் ஒன்றே என்பது தற்செயல்.

மனு எழுதினேன். முப்பத்து மூன்று வருஷம் பதிவாளர் அலுவலகத்தில் மனுக்களை வாங்கி முத்திரை குத்தி அடுக்கி வைத்தவன் நான், அவை அதற்குப் பிறகு எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும், எங்கேயும் போகாது. ஆனாலும் என் மனுவுக்குப் பதில் வந்தது. பொதுச் சொத்தான தொட்டியைச் சுற்றி நான் ஏன் வீடு கட்டினேன் என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும் என்றிருந்தது. அதற்குள் சோபாவைப் படுக்கையறைக்குத் தள்ளிவிட்டுத் தரையைத் தோண்டிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு அமைச்சரே வந்தார். டிவிக்கும் அலமாரிக்கும் நடுவே ரிப்பன் கட்டியிருந்தது. கட்சிக்காரர்கள் சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்றார்கள், இடமில்லாத இருவர் குளியலறைக் கதவைத் திறந்துவைத்து அங்கிருந்து கைதட்டினார்கள். "வெள்ளைக்காரன் குதிரைக்குத் தண்ணி கொடுத்தான், நாங்க மக்களுக்குக் கொடுக்கிறோம்!" என்று அமைச்சர் ஒலிபெருக்கியில் முழங்கியதில் உன் அக்காவின் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் விழுந்தன. பிறகு அவர் அண்ணாந்து பார்த்து என்ஜினீயரிடம், "கூரையும் நாமதான் போட்டோமா?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா, இது சாரோட வீடு." "நல்லா இருக்கே. அறிக்கையில சேர்த்துக்க." இப்போது உங்கள் அமைச்சகத்து ஆண்டறிக்கையில் கூரையுடன் கூடிய பொதுக்குழாய் ஒன்று என்று என் வீடு இடம்பெற்றிருக்கிறது. அமைச்சர் குழாயைத் திருகினார். காற்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து தண்ணீர் வரவில்லை, ஆனால் குடங்கள் வருகின்றன. விடிந்ததும் வரிசை ஆரம்பமாகிவிடும். கோடி வீட்டுத் தையல்காரம்மாதான் வரிசைக்கு அதிகாரி. துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் என் தரையிலேயே எண் எழுதுகிறாள். முடிதிருத்துபவர் என் பேப்பரை எனக்கு முன்னால் படித்துவிட்டு, படிக்கிறமாதிரி ஒன்றுமில்லை என்று மடித்துக் கொடுக்கிறார். கதவைச் சாத்தலாம் என்றால் உன் அக்கா, "பொதுக்குழாய்க்குக் கதவு சாத்தக் கூடாதாம், போர்டுல போட்டிருக்கு" என்கிறாள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பதும் அவள்தான். போன வாரம் துண்டோடு குளியலறைக்குப் போனபோது ஒருத்தி தடுத்தாள். "பெரியவரே, வரிசையில வாங்க." "அம்மா, நான் குளிக்கப் போறேன்." "எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க."

தையல்காரம்மாவிடம், வராத தண்ணீருக்கு ஏனம்மா தினமும் வந்து நிற்கிறாய் என்று கேட்டேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கிணற்றிலிருந்து பதினாறு வருஷமாகச் சுமக்கிறாளாம். முழங்கால் வீங்கியிருக்கிறது. "இங்க வந்தா, வரும்னு நெனச்சுக்கிட்டு ஒரு மணிநேரம் உக்காரவாவது செய்யலாம் சார். கிணத்துல உக்கார முடியாது" என்றாள். ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டேன். ஆனாலும் எனக்கு இருப்பது ஒரே கூடம்.

ஆகவே குழாயைத் தெருமுனைக்கு மாற்றக் கோரி இதுவரை பன்னிரண்டு மனுக்கள் அனுப்பியிருக்கிறேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்துவிடும். சொந்த அத்தானுக்காக இதுகூடச் செய்யமாட்டாயா?

உன் பதவி மேலும் உயரவும், மாற்றல் உத்தரவு உன் வீட்டு வழி மறந்துபோகவும் வாழ்த்தும்,

உன் அத்தான்

(உன் அக்கா ஆசி சொல்லச் சொன்னாள். வரிசையில் நிற்பவர்களும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது குழாய் இருமியது. பிறகு தண்ணீர் வந்தது. நூல் கனத்தில், கொஞ்சம் செம்மண் நிறத்தில், ஆனால் தண்ணீர். யாரும் கைதட்டவில்லை. தையல்காரம்மா முதல் குடத்தை வைத்துவிட்டு அது நிறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து என்ஜினீயர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "சார், உங்க பன்னிரண்டாவது மனு பாஸாயிடுச்சு! நாளைக்கே இதைப் பிடுங்கிடுவோம்" என்றார். தெருமுனையில் எப்போது வைப்பீர்கள் என்று கேட்டேன். "அதை அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துல கேக்கணும் சார்." கூடத்தில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், உன் அக்கா உட்பட.

மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கருதவும். நீ ஒன்றும் செய்யவேண்டாம், வழக்கம்போல் இருந்தால் போதும். உத்தரவை வாங்கிக்கொள்கிறேன் என்று என்ஜினீயரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் பொதுக்குழாய் சம்பந்தப்பட்ட எதுவானாலும் வரிசைப்படிதான். தையல்காரம்மா அவர் காலடியில் எண் எழுதிவிட்டாள். அவருக்கு முன்னால் பதினெட்டுக் குடங்கள் இருக்கின்றன. உன் அக்கா பக்கத்து வீடுகளில் இன்னும் குடங்கள் கேட்கப் போயிருக்கிறாள்.