ச-வில் தொடங்கும் பாட்டுகளால் ஊர் காலியான விவரம்

எங்கள் குரோசே ஊரில் ஜனங்கள் ஏன் குறைந்துகொண்டே போகிறார்கள் என்ற பெரிய கேள்விக்கு ஊர் அலுவலகம் ஒரு வசந்த காலத்தில் விடை கண்டுபிடித்தது. கடலில் மீன் குறைந்தது காரணம் இல்லை. டப்பாவில் மீன் அடைக்கிற ஆலையை மூடியது காரணம் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் போனதும் இல்லை. பாட்டுதான் காரணம்.

கண்டுபிடித்தவர் தோக்கியோவிலிருந்து வந்த ஆலோசகர். சமுதாயக் கூடத்து வாசலில் ஷூவைக் கழற்றினார். உள்ளே காலுறை இல்லை. தலைநகரில் இப்போது அப்படித்தானாம். அடுத்த வாரம் அலுவலகத்தில் பாதிப் பேர் காலுறை இல்லாமல் வந்தார்கள். தெருவில் இன்னும் பனி உருகவில்லை. பாதிப் பேருக்கும் ஜலதோஷம்.

கூடத்தில் ஒரு கரோக்கே எந்திரம் இருக்கிறது. யார் என்ன பாடினாலும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆலோசகர் அதன் வயிற்றைத் திறந்து, ஊர்க்காரர்கள் பாடிய பாட்டையெல்லாம் முதல் ஓசைவாரியாகப் பிரித்தார். 'ச'வில் தொடங்குகிற பாட்டுதான் அதிகம். எங்கள் ஜப்பானிய பாஷையில் பிரிவு, தனிமை, சாராயம், சாராயக் கடை எல்லாம் 'ச'வில்தான் தொடங்கும். பாட்டுக் கட்டுகிறவன் வேறு எங்கே போவான்? அவர் திரையில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். 'ச' பாட்டு ஏறுகிறது, ஜனத்தொகை இறங்குகிறது.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார்.

நாங்கள் கைதட்டினோம். கோடு அவ்வளவு அழகாக இருந்தது.

உடனே 'பிரகாசமான ஓசை மேம்பாட்டுப் பிரிவு' பிறந்தது. அதற்குத் தலைவர் சமேஜிமா. அன்று முதல் பொது இடத்தில் 'ச' பாட்டு கூடாது, 'அ' பாட்டுதான். காலை, நாளை, நீலவானம் எல்லாம் 'அ'வில் தொடங்குகிறதல்லவா?

கூட்டத்தில் ஒருவர்தான் கை தூக்கினார். தோமேகிச்சி. பழைய மீனவர், படகை விற்று, மனைவியைப் புதைத்து, தனியாக இருக்கிறவர்.

"தலைவரய்யா, உங்க பேரே 'ச'வுலதானே ஆரம்பிக்குது?"

"பெயர், குடியிருப்போர் பதிவுப் பிரிவோட பொறுப்பு" என்றார் சமேஜிமா, முகம் மாறாமல். "எங்களுக்குப் பாட்டு மட்டும்தான்."

தோமேகிச்சிக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. பெயர் 'சன்மா புகை'. கடலிலிருந்து வருகிறவன், தன் வீட்டில் சன்மா மீன் சுடும் புகையைப் பார்த்துத் துறை கண்டுபிடித்து வீடு சேருகிற பாட்டு. நடுவில் பாடகர் நிறுத்தி, "வந்துட்டேன்!" என்று கத்த வேண்டும். கூடம் மொத்தமும் "வாங்க வாங்க!" என்று கத்த வேண்டும். அது அவருடைய பாட்டு; அவர் இருக்கிற இடத்தில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். அதுதான் எங்கள் மரியாதை. உண்மையைச் சொன்னால், வருஷக்கணக்காகக் கேட்டு எங்களுக்கு அந்தப் புகையில் கண் எரிய ஆரம்பித்திருந்தது. தடை வந்தபோது, "அப்பாடா!" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செண்டாய் நகரத்தில் இருக்கிற அவர் மகள், வந்து தன்னோடு இருக்கச் சொல்லிப் போன் பண்ணாத வாரம் இல்லை.

"அங்க வந்து நான் 'வந்துட்டேன்'னா யாரும்மா பதில் சொல்லுவா? நீயும் மாப்பிள்ளையும் வேலையில இருப்பீங்க. லிப்ட்டா சொல்லும்?" என்பார். "இங்க ஒரு கூடமே சொல்லுது."

மறுநாள் அவர் அலுவலகத்துக்குப் போனார். கவுன்டரில் மிசுஹோ என்கிற பெண். நல்ல பெண், குனிந்து குனிந்து இடுப்பு வலி வந்தவள்.

"அம்மாடி, என் பாட்டு வீட்டுக்குத் திரும்பி வர்ற பாட்டு. ஊருக்கு நல்லதுதானே?"

"ரொம்ப நல்ல பாட்டுங்கய்யா. ஆனா 'ச'வுல தொடங்குது."

"பாட்டு என்ன சொல்லுதுன்னு பாக்க மாட்டீங்களா?"

"அர்த்தத்துக்கு இன்னும் பிரிவு தொடங்கலைங்கய்யா. மன்னிக்கணும்." குனிந்தாள். "இதைப் பாடிப் பாருங்களேன், 'அஷிதா, முதல் ரயில்'. அஷிதான்னா நாளை இல்லையா? ரொம்பப் பிரகாசம்னு சான்று கொடுத்திருக்கோம்."

"அதுல என்ன வருது?"

"ஒருத்தன் நாளைக்கு முதல் ரயிலேறி ஊரை விட்டுப் போறான்."

"திரும்பி வர்றானா?"

மிசுஹோ வரிகளைப் புரட்டிப் பார்த்தாள். "இல்லைங்கய்யா. மன்னிக்கணும்." மறுபடி குனிந்தாள்.

தோமேகிச்சியும் பதிலுக்குக் குனிந்துவிட்டு வந்தார்.

திட்டம் வேகமெடுத்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்துக்குப் போடும் பாட்டு, 'சா! ஓடு' என்று தொடங்குவதால் நின்றது; 'சா' என்றால் எங்கள் பாஷையில் 'ம், கிளம்பு'. பதிலுக்கு, மழை மெல்லப் பெய்கிற ஒரு பாட்டு. மழைக்கு எங்கள் பாஷையில் 'அ'தான். சுட்டெரிக்கிற வெயிலில் பிள்ளைகள் அந்தத் தாளத்துக்கு ஏற்றபடி நடந்து வந்து பந்தயத்தை முடித்தார்கள்.

"ஒரு பிள்ளையும் விழலை. பாதுகாப்பு கூடியிருக்கு" என்றார் சமேஜிமா.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் வருகிற மெட்டும் மாறியது. 'முதல் ரயில்'தான். அந்தப் பாட்டின் நடுவில் "போயிட்டு வாங்க!" என்று எல்லோரும் சொல்ல வேண்டும், அதற்கு ஊராரிடம் போதிய உற்சாகம் இல்லை என்று, காலை உடற்பயிற்சியோடு சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். கையை மேலே தூக்கி, மூச்சை இழுத்து, "போயிட்டு வாங்க!" எங்கள் தெருச் சங்கத் தலைவர் ஹத்தா ஓரமாக நின்று, யார் வாய் அசையவில்லை என்று பார்ப்பார்.

"அண்ணே, வாய் தொறக்கலியே?" என்று ஒரு நாள் தோமேகிச்சியைக் கேட்டார்.

"பல்லு செட்டு வீட்ல இருக்கு."

"பல்லில்லாம சொல்றதுக்கும் அனுமதி இருக்குண்ணே."

முதியோர் தின விழாவில் தோமேகிச்சி மேடை ஏறவில்லை. கடைசி வரிசையில் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, 'முதல் ரயில்' ஒன்பது தடவை புறப்பட்டுப் போனதைப் பார்த்தார். நாங்கள் ஒவ்வொரு தடவையும் கத்தினோம். நன்றாகவே கத்தினோம், இளைஞர்கள்கூட வந்து கற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதம் அவர்களில் பல பேர் நிஜமாகவே முதல் ரயிலில் போனார்கள். வழியனுப்ப ரயிலடியில் ஆள் பஞ்சமே இல்லை.

வருஷ முடிவில் அறிக்கை வந்தது. 'ச' பாட்டு: பூஜ்யம். திட்டம் முழு வெற்றி. ஜனத்தொகை எவ்வளவு என்று அறிக்கையில் இல்லை. அது பதிவுப் பிரிவின் பொறுப்பு. சமேஜிமா பதவி உயர்வு பெற்று, மாவட்டத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றலானார். முதல் ரயிலில்தான் போனார்.

வசந்தத்தில் புதுத் தலைவர் வந்தார். அராகாக்கி. காலுறை போட்டிருந்தார், தலைநகரில் மறுபடி போட ஆரம்பித்துவிட்டார்களாம். அவரும் திரையில் இரண்டு கோடு காட்டினார். 'அ' பாட்டு ஏறுகிறது, ஜனத்தொகை இறங்குகிறது.

"ஆக, குற்றவாளி 'அ'!" என்றார்.

அவர் பெயரைப் பற்றி இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. அது வேறு பிரிவு என்று எங்களுக்குத் தெரிந்துபோயிருந்தது. கைதட்டினோம்.

'அ' போய், 'ச' திரும்பி வந்தது. முதல் விழாவிலேயே தோமேகிச்சியைக் கூப்பிட்டார்கள். அவர் சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கறுப்புக் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். பல் செட்டும் இருந்தது. மகளுக்கு முன்னாடியே போன் பண்ணி, "இன்னைக்குப் பாடறேம்மா. இனி என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாராம்.

பாடினார். குரல் நடுங்கினாலும், புகை எழுந்தது, படகு திரும்பியது, துறை தெரிந்தது. நிறுத்தினார். மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து கத்தினார்:

"வந்துட்டேன்!"

நாங்கள் கையை மேலே தூக்கினோம். மூச்சை இழுத்தோம். கூடம் மொத்தமும் ஒரே குரலில் கத்தினோம்:

"போயிட்டு வாங்க!"

இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தோமேகிச்சி எங்களை வரிசை வரிசையாகப் பார்த்தார். பிறகு மைக்கை மேஜைமேல் மெல்ல வைத்து, முறைப்படி ஒருமுறை குனிந்தார்.

"சரிங்க" என்றார். "போயிட்டு வரேன்."

அந்த வாரமே செண்டாய்க்குப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்தில் அராகாக்கி கவலையோடு எழுந்து நின்றார். ஊரை விட்டு ஒருவர் போயிருக்கிறார். போகும் முன் அவர் கடைசியாகப் பாடியது 'ச' பாட்டு. ஆகவே 'ச'வைப் பற்றி மறுபடி ஆராய, தோக்கியோ ஆலோசகரை அழைக்கலாமா?

நாங்கள் கைதட்டினோம்.