குப்பை கேட்டு ஒரு ஜெபம்

சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் எதையும் மறைக்காமல் சொல்கிறவள் நான். ஆனால் ஆண்டவரிடம் முழங்காலில் நின்று குப்பை கேட்டதை மட்டும் இதுவரை சொன்னதில்லை.

ஷூ கம்பெனியில் பல வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்த பிறகு, ஆம்பூர் பக்கம் எங்கள் ஊரில் துப்புரவு மேற்பார்வை வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலைதான். (பத்தாவது படித்தவளுக்கு அதுவே கலெக்டர் உத்தியோகம்.) என் கையில் ஒரு செல்போன் கொடுத்தார்கள். உண்மையில் அதுதான் எனக்கு மேலதிகாரி. தினமும் தெருவைப் பெருக்கும் முன் ஒரு படம், பெருக்கிய பின் ஒரு படம் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு மதிப்பெண்.

எனக்கு வாய்த்ததோ ஜமீலா அக்கா குடியிருக்கும் தெரு. அங்கே பெண்கள் விடிகாலைத் தொழுகை முடிந்த கையோடு வாசலைப் பெருக்கி, குப்பையைப் பையில் கட்டி வைத்துவிடுவார்கள். முன் படமும் சுத்தம், பின் படமும் சுத்தம். செல்போன் சிவப்பு எழுத்தில் 'பணி நடைபெறவில்லை' என்று சொல்லிவிடும். பக்கத்து வார்டு மேற்பார்வையாளர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒன்பது மணிக்கு வருவார். அங்கே குப்பை மலை. அவருக்கு எப்போதும் பச்சை.

கடைசி இடத்தில் இருப்பவருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நான்தான். அன்று இரண்டு முழங்காலும் மரத்துப் போகும்வரை ஜெபித்தேன்: "ஆண்டவரே, ஒரு கூடை குப்பையாவது கட்டளையிடும்."

மறுநாள் தெரு கண்ணாடி மாதிரி இருந்தது.

அதற்கு மறுநாள் என் வீட்டுக் குப்பையையே மூட்டை கட்டிக்கொண்டு போனேன். வெங்காயத் தோல், தேங்காய் நார், வீட்டுக்காரர் பத்திரப்படுத்தி வைத்திருந்த தோல் துண்டுகள். பிரியாணியில் புதினா தூவுவது போல ஜமீலா அக்கா வாசல் முன் தூவிவிட்டுப் படம் எடுக்கப் போனால், 'இருப்பிடம் தேடப்படுகிறது' என்று செல்போன் சுற்றிக்கொண்டே நின்றது. அதற்குள் ஜமீலா அக்கா துடைப்பத்தோடு வந்துவிட்டார்.

"இன்னா எஸ்தரு, குப்பை வார்றதுக்கு உன்ன வெச்சா கொட்டிட்டு நிக்கிறே?"

"வாராதீங்கக்கா! ஒரே ஒரு படம்!"

"என் வாசல்ல தோலு கெடக்கும், நீ படம் பிடிப்பியா? பேஜார் பண்ணாதே, தள்ளு!"

துடைப்பத்தின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். எதிர்வீட்டிலிருந்து இன்னொரு துடைப்பம் வந்தது. நான் இரண்டு கையையும் விரித்துக் குப்பைக்குக் காவல் நின்று கத்தினேன்.

"யாரும் தொடாதீங்க! இது கவர்மெண்ட் குப்பை!"

பின்னால் ஒரு பைக் நின்றது. சுகாதார ஆய்வாளர். திடீர் சோதனை.

"என்னம்மா நடக்குது இங்க?"

அழுதுவிட்டேன். "தெரு சுத்தமா இருக்குது சார். அதான் சார் பிரச்சனை." மீதியையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

ஜமீலா அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டார். "வேலை போய்டும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தெருவே சேர்ந்து கொட்டியிருக்குமேடி! சார், அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

ஆய்வாளர் தன் செல்போனை எடுத்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். முகம் வாடிப்போய்த் திரும்பி வந்தார். 'ஆய்வில் கண்ட குறை' என்ற இடத்தில் படம் ஏற்றாவிட்டால் அவருடைய அறிக்கை போகாதாம்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "கீழ கெடக்கிறது படத்துக்குப் பத்தாது. அந்த மூட்டைல இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?"

இருந்தது. "இந்தப் பக்கம் கம்மியா இருக்குது சார்" என்று ஜமீலா அக்காவே இழுத்துப் பரப்பினார். ஆய்வாளர் குறையைப் படம் எடுத்தார், நான் 'முன்' எடுத்தேன், அக்கா பெருக்கினார், நான் 'பின்' எடுத்தேன். அவர் 'குறை சரிசெய்யப்பட்டது' என்று போட்டுவிட்டு பைக்கை உதைத்தார்.

அன்றிலிருந்து அந்தத் தெருப் பெண்கள் எனக்காகக் குப்பையைப் பையில் கட்டாமல் வாசலிலேயே விரித்து வைத்தார்கள். மாதக் கடைசியில் நான் முதலிடம். ஒப்பந்தமும் நீண்டது. சான்றிதழ் எங்கள் வீட்டு வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இப்போதும் குடும்ப ஜெபத்தில் நான் விண்ணப்பங்களைச் சொல்லி முடித்ததும், வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே ஒரு வரி சேர்ப்பார்: "இவ கேக்குறதெல்லாம் தாரும் ஆண்டவரே, குப்பையைத் தவிர."

அதற்குத்தான் என் மகள் சத்தமாக ஆமென் சொல்கிறாள்.