மூன்று தத்துவங்களும் ஒரு கோப்பையும்

சென்டர் ஃபார்வர்டை மைத்துனன் கடித்துத் தின்றுவிட்டான்.

"அடப்பாவி! அவன்தான்டா கோல் போடணும்!" என்று அலறினார் டைம்கீப்பர்.

மைத்துனன் வாயைத் துடைத்துக்கொண்டான். "நமத்துப்போயிருக்கான் மாமா. இவனை வெச்சுக்கிட்டு எங்க கோல் போடறது?"

சாப்பாட்டு மேஜைமேல் அணிவகுத்திருந்த பிஸ்கட்டுகளில் ஒன்று குறைந்துபோயிருந்தது. டைம்கீப்பர் அவசரமாக ஒரு தடுப்பாட்டக்காரனை முன்னால் நகர்த்தினார். கோல் பக்கம் ஓட்டை விழுந்தது.

பஸ் டெப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்பவேண்டும் என்று சொல்கிறவர் டைம்கீப்பர். டெப்போவின் கால்பந்து அணிக்கும் அவர்தான் கோச். ஆடுகிறவர்கள் எல்லாம் டிரைவர்கள், கண்டக்டர்கள், பட்டறை ஆட்கள். மனைவியின் தம்பி பட்டறையில் மெக்கானிக், மைதானத்தில் தடுப்பாட்டக்காரன், அக்காள் வீட்டுச் சாப்பாட்டு வேளைக்கு ஒருநாளும் தவறாதவன்.

"அக்கா, நீதான் சாட்சி," என்றான் அவன். "இந்தத் தடவையும் கப்பு வரலைன்னா கோச் வேலை எனக்கு. மாமா ஓரமா நின்னு கைதட்டட்டும்."

"சரிடா!" என்றார் டைம்கீப்பர்.

டெப்போவில் அவர் பேச்சை வண்டிகளே கேட்பதில்லை, டிரைவர்கள் எங்கே கேட்கப்போகிறார்கள்? வீட்டுக் கதையைச் சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக் கோட்டோரம் நின்று கத்தும்போதுதான் அவர் முதுகு நிமிரும். அந்த இடத்தில் மைத்துனன் நிற்கப்போகிறான் என்று நினைத்ததுமே தட்டை ஒதுக்கிவைத்தார்.

"கப்பு வாங்க ஒரு தத்துவம் வேணும்," என்றார்.

"முதல்ல வேற பிஸ்கட் வாங்குங்க," என்றாள் மனைவி.

முதல் தத்துவம் மறுநாளே பிறந்தது. "கோல் போடறது நம்ம கையில இல்ல. வாங்காம இருக்கறது நம்ம கையில இருக்கு. எல்லாரும் கோல் முன்னாடி நில்லுங்க!"

நின்றார்கள். பட்டறைக்குள் வண்டிகளை அடைத்த மாதிரி ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு ஆட்டம் முழுக்க நின்றார்கள். எதிரணி எப்படி அடித்தாலும் பந்து யார் மேலாவது பட்டுத் திரும்பியது. யாரும் கோல் போடவில்லை. காசு சுண்டிப் பார்த்ததில் டெப்போ ஜெயித்தது.

ஜெயித்தும், கோல் காக்கிற கோலி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவன் கண்டக்டர். பஸ்ஸில் நாள் முழுக்க "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக் கத்தி அதுவே அவனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

"சார், முன்னாடி பூரா முதுகு. பந்து வருதா போகுதான்னு பக்கத்துல நிக்கறவனைக் கேட்டுக் கேட்டுப் பிடிக்கிறேன்."

"பிடிச்சியா இல்லியா?"

"பந்துன்னு நெனச்சு உங்க மச்சான் தலையைப் பிடிச்சேன் சார்."

"அதை ஏன்டா விட்டே?"

மனிதர்கள் நெருக்கியடித்து நிற்பதுதான் கோளாறு என்று அன்று மாலை டைம்கீப்பர் கண்டுபிடித்தார். இரண்டாவது தத்துவம் தயாரானது. மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நிறுத்தினார்.

"பந்துதான் பஸ். நீங்க எல்லாம் பஸ் ஸ்டாப். எந்த ஸ்டாப்பாவது எழுந்து நடந்து பாத்திருக்கீங்களா?"

"பஸ் வரலைன்னா சார்?" என்று கேட்டான் பிரேக். அவன்தான் சென்டர் ஃபார்வர்டு. ஓட்டுகிற வண்டியைப் பூனை குறுக்கே போனாலும் 'சடக்'கென்று நிறுத்திப் பயணிகளை ஒருவர் மடியில் ஒருவராக உட்காரவைக்கிற டிரைவர்.

"காத்திருக்கணும்."

அடுத்த ஆட்டத்தில் காத்திருந்தார்கள். பந்து பின்னாலிருந்த ஸ்டாப்புகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. பிரேக் தன் வட்டத்துக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒருமுறை கொட்டாவிகூட விட்டான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போனார்கள். எதிரணிக் கோலிக்கும் பொழுது போகவில்லை. வேலியோரம் தண்ணீர் குடிக்கப் போனான். அவன் அணிக்காரன் ஒருவன், பின்னால் கோலி இருக்கிறான் என்ற நம்பிக்கையில் பந்தைத் திரும்பிப் பார்க்காமல் உதைத்தான். அது உருண்டுபோய் அவர்கள் வலைக்குள்ளேயே விழுந்தது.

"பாத்தியா தத்துவத்தை?" என்று துள்ளினார் டைம்கீப்பர்.

"தண்ணிக்கு நன்றி சொல்லுங்க மாமா," என்றான் மைத்துனன்.

அரையிறுதியில் ஆட்டமே நடக்கவில்லை. எதிரணி ஏறி வந்த பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. நடுவர் பார்த்தார், பார்த்தார், டெப்போ ஜெயித்ததாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "அது நான் ரிப்பேர் பார்த்து அனுப்பின வண்டி மாமா."

"இந்த அணிக்கு நீ செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான்டா மாப்ள!"

ஆக, டெப்போ அணி ஒரு கோல்கூட வாங்காமல் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. ஊரே வாயைப் பிளந்தது. டைம்கீப்பருக்கு மட்டும் தூக்கம் போயிற்று. தன் ஆட்கள் ஒரு கோல்கூடப் போடவும் இல்லை என்பது அவருக்குத் தெரியுமே! இறுதிப் போட்டியில் எவனும் தண்ணீர் குடிக்கப் போகமாட்டான்.

மூன்றாவது தத்துவம் இப்படித்தான் வந்தது. "எல்லாரும் எல்லா வேலையும் செய்யணும். நான் துண்டை வீசினா, அவனவன் இடத்தை விட்டு அடுத்தவன் இடத்துக்கு ஓடணும்."

"கோலியுமா சார்?" என்று கேட்டான் உள்ளபோ.

"கோலி என்ன ஜமீன்தாரா? நீயும்தான்."

அதோடு விட்டாரா? டெப்போ புத்தியை மைதானத்துக்குக் கொண்டுவரக்கூடாது என்று உத்தரவும் போட்டார். பிரேக் ஓடும்போது சடக்கென்று நிற்கக்கூடாது. உள்ளபோ வாயைத் திறக்கக்கூடாது. வண்டிக்கு அடியில் நுழைகிற மாதிரி மைத்துனன் தரையில் சறுக்கக்கூடாது. பயிற்சியில் அவர் வியர்வை துடைக்கத் துண்டை எடுத்தபோதெல்லாம் எல்லாரும் எழுந்து ஓடினார்கள். மண்டைகள் மோதிக்கொண்டன. பிரேக்குக்கு நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

இறுதிப் போட்டிக்கு டைம்கீப்பரின் மனைவியும் வந்திருந்தாள். சாட்சி ஆயிற்றே!

ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் டைம்கீப்பர் துண்டை வீசினார். அணி மொத்தமும் கலைந்து ஓடியது. உள்ளபோ இடது ஓரத்துக்குப் போனான். கோலில் யார் நிற்பது என்று மைத்துனனும் இன்னொருவனும், "நீ நில்லு," "நான் போன தடவை நின்னேன்டா," என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது பந்து அவர்களுக்கு நடுவே மரியாதையாகப் புகுந்து வலைக்குள் போயிற்று.

இடைவேளை வந்தது. டைம்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குக் கப்பு வேணுமா, தத்துவம் வேணுமா?"

"ரெண்டும்."

"ரெண்டும் இல்லாமத்தான் இப்ப உக்காந்திருக்கீங்க."

அவர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு எழுந்தார்.

"டேய்... இஷ்டத்துக்கு ஆடுங்கடா."

எல்லாரும் விழித்தார்கள். "இது நாலாவது தத்துவமா சார்?" என்றான் பிரேக்.

"தத்துவமே இல்லடா. சடக்குன்னு நிக்கணுமா, நில்லு. கத்தணுமா, கத்து. சறுக்கணுமா, சறுக்கித் தொலை. என்னைப் பாக்காதீங்க. நானும் உங்களைப் பாக்கப்போறதில்ல."

சொன்னபடியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மனைவி.

"உள்ள போ! உள்ள போ! உள்ள எடம் கெடக்கு, போ!" கோலியின் குரல் மைதானத்தைக் கிழித்தது. ஆட்களுக்கு அது பழகிய குரல், காலே தானாக முன்னால் நகர்ந்தது.

"என்ன நடக்குது?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"தம்பி தரையோட தரையா சறுக்கிப் பந்தைப் பிடுங்கிட்டான். பிரேக் கிட்ட குடுத்துட்டான். அந்தப் பக்கத்துக் கோலி எதுக்கு இப்படி எட்டி எட்டிப் பாக்கறாரு? பாவம், அவர் முன்னாடி அத்தனை பேர் நிக்கறாங்க."

"அவன் எப்படியாவது பாக்கட்டும்! பந்து எங்க?"

"வலைக்குள்ள."

"யார் வலை?"

"அவங்க வலைங்க!"

துண்டு விலகவில்லை. பார்த்தால் கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம்.

"மறுபடியும் பிரேக் ஓடறான். ரெண்டு பேர் துரத்தறாங்க... ஐயோ, நின்னுட்டான்! துரத்தினவங்க நிக்கத் தெரியாம கோட்டுக்கு வெளியில போய் விழுந்துட்டாங்க! அவங்க டீம்ல மத்தவங்க நின்ன எடத்தை விட்டு அசையவே மாட்டேங்கறாங்க. போட்டுட்டாங்க! நம்ம கோலுங்க!"

கூட்டம் எழுந்து ஆடியது. டிக்கெட் கிழிக்கிறவர்களும் டீசல் ஊற்றுகிறவர்களும் பாய்லர் வெடித்த மாதிரி கத்தினார்கள். டைம்கீப்பர் துண்டின் முனையைக் கடித்துக்கொண்டார்.

"இப்ப அவங்க எல்லாரும் அங்கயும் இங்கயும் ஓடறாங்க," என்றாள் மனைவி. "தீ கீ பிடிச்சிருச்சா? கோல் பக்கம் ஒருத்தரும் இல்ல. தம்பி உதைச்சுட்டான். போகுது... போகுது... என் தம்பி கோல் போட்டுட்டான்!" அவள் துண்டைப் பிடுங்கித் தலைக்குமேல் சுழற்றினாள்.

நடுவர் விசில் ஊதினார். மூன்றுக்கு ஒன்று!

டெப்போ வரலாற்றில் முதல் கோப்பை. டைம்கீப்பரைத் தோளில் தூக்கி மைதானத்தைச் சுற்றினார்கள். எதிர்ப்பட்டவர்களை எல்லாம் உள்ளபோ விலக்கினான், "வழி விடு, வழி விடு, கோச் வர்றாரு!" கோப்பை அவர் மடியில் சூரியன் மாதிரி மின்னியது. எப்போதும் உர்ரென்று இருக்கும் டெப்போ மேனேஜரே கைதட்டினார்.

கீழே இறக்கிவிட்டதும் மைத்துனன் வந்து கட்டிக்கொண்டான். "ஜெயிச்சிட்டீங்க மாமா. பந்தயமும் உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு, தத்துவம் போச்சு, கப்பு வந்துச்சு."

டைம்கீப்பர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கோப்பையை அவன் கையில் கொடுத்தார்.

"நீ சொல்றது சரிதான் மாப்ள. மூணு தத்துவமும் மூணு காசுக்குப் பிரயோஜனமில்ல. கோச் வேலையை நீயே எடுத்துக்கோ. நான் ஓரமா நின்னு கைதட்டறேன்."

"அட, விளையாட்டுக்குச் சொன்னேன் மாமா..."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், முழங்கால் வரை சேறும் கண்ணில் தண்ணீருமாக எதிரணிக் கோலி வந்து டைம்கீப்பரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு கோல்கூட வாங்காத டீமாச்சேன்னு எங்க கோச் உங்க ஆட்டம், பயிற்சி எல்லாத்தையும் மறைஞ்சு நின்னு பார்த்து, மூணு தத்துவத்தையும் அப்படியே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாரு சார், ரெண்டாவது பாதி பூரா நாங்க அதைத்தான் ஆடினோம்!"