அசுந்தா மீட்கப்பட்ட விதம்

மனிதகுலம் இன்று சங்கிலியில்லாமல் நடமாடுகிறதென்றால், அதற்குக் காரணம் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் இயங்கும் எங்கள் 'சங்கிலி அறுப்போர் வீரர் சபை'. கடற்கொள்ளையரிடம் சிக்கியவர்களை மீட்க எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. கொள்ளையர்கள் ஓய்ந்துவிட்டார்கள். நாங்கள் ஓயவில்லை.

நிர்வாகம் எளியது. குழு கேட்டுக்கொண்டால் மகாதலைவர் உத்தரவிடலாம். மகாதலைவர் உத்தரவிட்டால் குழு கேட்டுக்கொள்ளலாம். அவசர முடிவுகள் இதனால் தவிர்க்கப்படுகின்றன. பூட்டன் பூட்டிகள் எட்டுப் பேரும் பிரபுக்களாக இருந்தவர்கள் 'நீதி வீரர்கள்'. மற்றவர்கள் 'கருணை வீரர்கள்'. நான் கருணை. கொடி பிடிப்பவன்.

சென்ற பேரவையன்று, கீழே ரொட்டிக்கடை அடுப்பில் சுட்ட பாஸ்தாவோடு வந்த சமையல்காரி அசுந்தா, லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனதால் உள்ளே சிக்கிக்கொண்டாள். கம்பிக்கதவுக்குப் பின்னால் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன.

"ஐயா! என் பொண்ணு பிரசவத்துக்குப் போயிருக்கா! என் போன் உங்க அடுக்களையில அடிக்குது, கேக்கலையா?"

இறகுத்தொப்பி, அங்கி, வாள் சகிதம் தகுதி வரிசையில் போய் நின்றோம்.

"பயப்படாதம்மா," என்றார் மகாதலைவர் தோன் ருஜேரோ. "இதுக்குன்னே இருக்கிற சபை நாங்க."

தீயணைப்பு நிலையத்தை அழைக்க நான் கைபேசியை எடுத்தேன். செயலாளர் ஃபுல்கோ, வக்கீல், என் கையைப் பிடித்தார்.

"மீட்பு நீதி வீரர் வேலை. உன் பூட்டி மீன் வித்தவ."

"அப்ப நீங்க கூப்பிடுங்க."

"இவ கைதியான்னு முடிவாகட்டும். கடல்ல பிடிபட்டவங்கதான் கைதி."

"பாஸ்தாவுல மத்தி மீன் போட்டிருக்கேன். போதுமாய்யா?" என்று கத்தினாள் அசுந்தா.

வாக்கெடுப்பில் மீன் வென்றது. ஆனால் உறுப்பினர்தான் மனு தரலாம். அவளை உறுப்பினராக்க, மகாதலைவர் கம்பி வழியே வாளை நீட்டி அவள் தோளைத் தொட்டார்.

"கண்ணைக் குத்திராதீங்க!"

"எழுந்திரு, சீமாட்டி அசுந்தா!"

"நின்னுக்கிட்டுத்தானய்யா இருக்கேன்! தீயணைப்புக்காரனைக் கூப்பிடுங்கடா!"

"மனு ஏற்கப்பட்டது," என்றார் ஃபுல்கோ. "'டா' நீக்கப்பட்டது."

அடுக்களையில் கைபேசி ஓய்ந்தது.

நீதி வீரர் ஒருவர் முறைப்படி அழைக்க, தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். எந்த வகை வீரர்கள் என்று ஃபுல்கோ விசாரிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். அசுந்தா அடுக்களைக்கு ஓடினாள். பேசினாள். பேத்தி பிறந்தாயிற்று.

"பிள்ளை பிறக்கிற வரைக்கும் என்னைத்தான் கூப்பிட்டாளாம்," என்றாள். அழுதாள். பிறகு புறப்பட்டாள்.

மகாதலைவர் வழிமறித்தார். மீட்கப்பட்டவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதிலில் யார் பெயர் வருகிறதோ, அவர்மீது சபை போர் தொடுக்கும். முந்நூறு ஆண்டுகளாக யாரையும் கேட்க வாய்க்கவில்லை. அவர் இறகுத்தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"உன்னைச் சிறைவச்சது யாரு?"

அசுந்தா பரிமாறும் கரண்டியால் எங்களை ஒவ்வொருவராகக் காட்டினாள். கரண்டி கடைசியில் என்னிடம் நின்றது.

"நீயும்தான். கையில போனை வச்சுக்கிட்டு நின்னியே."

விதியை மீற முடியாது. எங்கள்மீது ஒருமனதாகப் போர் அறிவித்தோம். போர் இன்னும் நடக்கிறது. பாஸ்தாவைச் சாப்பிட்டுவிட்டு எதிரி நலமாக இருக்கிறான்.