மணல்திட்டில் முதலை ரைட்டர்

ஒரு முதலையைக்கூடக் கண்ணால் பார்க்காமல் 'முதலை ரைட்டர்' என்று பட்டம் வாங்கிய மனிதர் பூலோகத்திலேயே அவர் ஒருவர்தான். யுத்தம் தொடங்குவதற்கு முன்பு பென்னாகரத்தில் அவரும் நானும் ஒரே ஆபீசில் குமாஸ்தாக்களாக எழுதித் தேய்ந்தோம். மற்றவர்கள் லீவு போட்டுக் கல்யாணத்துக்குப் போவார்கள். இவர் கோடை தவறாமல் மாட்டுவண்டி கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒகேனக்கல் போய், பரிசல் ஏறி, ஆற்று நடுவே உள்ள மணல்திட்டில் இறங்கி, காட்டு ஜீவன்களுக்காகக் காத்துக்கிடப்பார். பிரம்மச்சாரியான என்னையும் சாட்சிக்கு இழுத்துப் போவார்.

திட்டில் கால் வைத்ததும் சட்டம் அமலுக்கு வந்துவிடும். யாரும் வாய் திறக்கக் கூடாது. வளையல்மேல் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். தும்மல் வந்தால் முகத்தை மணலில் புதைத்துக்கொள்ள வேண்டும். கருவாடு மட்டும் ஆகவே ஆகாது. அந்த வாசத்துக்கு ஒரு ஜீவனும் கிட்டே வராதாம். இத்தனைக்கும் அருவி இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே காதில் விழாது.

பலன்? ஒரு வருஷம் எங்களைக் குப்புறப் படுக்க வைத்து, உச்சி வெயில்வரை அக்கரையில் ஒரு முதலையைக் காட்டினார். கடைசியில் ஒருத்தி வந்து அதன் முதுகிலேயே துணி துவைத்தாள். மறு வருஷம் ஒரு யானை நகரட்டும் என்று பொழுது சாயும்வரை காத்திருந்தோம். பாறை எப்படி நகரும்?

அவர் சம்சாரத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, பாலக்கோட்டுல எங்கண்ணன் வூட்டுக்குப் போனா எருமையாவது பாக்கலாமுங்க. இந்த வருசம் ஏதாச்சும் கண்ணுல பட்டாச் சரி. இல்லாட்டி அடுத்த கோடைக்கு நானும் புள்ளைங்களும் பாலக்கோடுதான்!"

மனிதர் ஆடிப்போய்விட்டார். அந்த முறை திட்டில் இறங்கியதுமே மூக்கை உறிஞ்சினார்.

"கருவாட்டு வாசம்! ஆரு கொண்டாந்தது?"

"களிக்கு வேற என்னத்தைக் கடிச்சுக்கறதுங்க?" என்றார் அம்மாள், கூசாமல்.

"பொதைச்சிரு! மொதல்ல மண்ணுக்குள்ள பொதைச்சிரு!"

சாப்பிடும்போது எடுக்கத் தோதாக, அம்மாள் இலைப் பொட்டலத்தை நாணல் ஓரமாக மேலாகப் புதைத்தார். ரைட்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் நாணல் அசைந்தது. நீர்நாய்கள்! குட்டிகளோடு ஒரு குடும்பமே வந்தது. மீசையில் நீர் சொட்ட மணலைப் பறித்து, பொட்டலத்தைக் கிழித்து, கருவாட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றன. குட்டிகள் கத்திப் பிடுங்கின. பிள்ளைகள் கண் இமைக்கவில்லை. அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். ஒருவரும் பேசவில்லை, சட்டம் அப்படி. ரைட்டரோ மிதந்து வந்த கட்டை ஒன்றை முதலையாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் தண்ணீருக்குள் போன பிறகுதான் பிள்ளைகள் கத்திக்கொண்டு அவரைப் பிடித்து உலுக்கினார்கள். திரும்பினார். கிழிந்த இலையும் கால்தடங்களும் கிடந்தன. அழுதுவிடுவார் என்றே நினைத்தேன். அவர் மண்டிபோட்டு ஒவ்வொரு தடமாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு பிள்ளைகளிடம், "மீசை இருந்துச்சா? குட்டி எப்பிடிக் கத்துச்சு?" என்று கேட்டுக் கேட்டு, அவர்கள் நடித்துக் காட்டக் காட்ட முகமெல்லாம் சிரித்தார். "என்னை ஏன் கூப்புடலை?" என்று எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மனசு எனக்கு வராது.

பரிசலில் ஏறும்போது அம்மாள் அவர் வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"அடுத்த வருசம் நீங்க எங்க பக்கமாப் பாத்து உக்காருங்க. கருவாடு நான் கொண்டாறேன்."

இன்றைக்கும் ஆற்றில் ஒரு கட்டை மிதந்து வந்தால் நான் நின்றுவிடுகிறேன். அவருக்காகவாவது அது முதலையாக இருக்கக் கூடாதா?