யானைக் காது வைத்த டேப்லெட்

டேப்லெட் மறுபடியும் சாம்பாருக்குள் சாய்ந்தது.

"இப்பத்தானே தொடச்சேன்!" சத்தியப்பிரியா அதைத் தூக்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "ஞாயித்துக்கெழமை அண்ணன் வாராக. இதப் பாத்தாகன்னா, நம்ம கதை முடிஞ்சுச்சு."

காரைக்குடி தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் அவள் கணவர் முத்துக்கண்ணன், தாசில்தாருக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை. சிங்கப்பூர் மச்சான் அழகுசுந்தரம் அப்படிப்பட்டவர். ஒரு தடவை ஏர் ஃபிரையர் கொடுத்தார். அடுத்த தடவை வந்தபோது, பிரிக்காத அந்தப் பெட்டியின் மேல் அரிசி மூட்டை உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஒரே தங்கச்சியோடு பேச்சில்லை. நன்றி சொன்னாலும் கோபம் வரும். "நான் என்ன அசலூர்க்காரனா?" என்பார்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்தவர், பைகளை இறக்கிவிட்டு மறுநாளே சென்னைக்குப் போய்விட்டார். தைல பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே இந்த டேப்லெட் கிடந்தது. வாய் திறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பழைய பாட்டு, மஞ்சுவிரட்டு, கார்ட்டூன் எல்லாம் அதில் நிரம்பி இருந்தன. "ஆளாளுக்குப் பிடிச்சதப் பாத்துப் பாத்து ஏத்தியிருக்காக" என்று சத்தியப்பிரியாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஆக, மச்சான் உள்ளே நுழையும்போது குடும்பமே அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். கீறலும் இருக்கக் கூடாது.

டேப்லெட்டை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு வாங்க முத்துக்கண்ணன் செக்காலை ரோட்டுச் செல்போன் கடைக்குப் போனார்.

"வீட்ல எத்தன பேருண்ணே?" என்றான் கடைக்காரன்.

"நாலு பேரு."

"அப்ப ஒரு ஸ்டாண்டு பத்தாதுண்ணே" என்று அவன் சொன்னதை முத்துக்கண்ணன் கேட்கவில்லை. ஒன்றுதான் வாங்கினார்.

ஸ்டாண்டு சமையல் மேடையில் நன்றாகத்தான் நின்றது. ஆனால் கட்டிலில் படுத்தபடி மஞ்சுவிரட்டு பார்க்கும் அப்பா பெத்தனுக்கு அது எட்டவில்லை. "நான் என்ன அடுப்படியில போயா படுக்குறது?" என்றார் அவர்.

அதற்காகக் கழுத்து நீண்ட ஹோல்டர் ஒன்று வந்தது. கட்டில் சட்டத்தில் முடுக்கியதும் இரும்புக் கொக்கு மாதிரி வளைந்து நின்றது. திரையில் காளை வாடிவாசலைத் தாண்டியது. பெத்தன் குதித்தார். கட்டில் குதித்தது. கொக்கு பின்னால் போய், திரும்பி வந்து முத்துக்கண்ணனின் நெற்றியில் டேப்லெட்டால் ஒரு போடு போட்டது.

"டேப்லெட்டுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று ஓடி வந்தாள் சத்தியப்பிரியா.

அடிபட்டாலும் தாங்கவேண்டும் என்று ரப்பர் உறை வாங்கினார். மகள் மீனு யானை உறைதான் வேண்டும் என்றாள். பெரிய காது, நீளத் தும்பிக்கை. யானை அந்தப் பருமனில் ஹோல்டருக்குள் நுழைய மறுத்தது. கடைசியில் தும்பிக்கையை மட்டும் பிடித்து முடுக்கினார். டேப்லெட் செங்குத்தாகத் தொங்கியது. காளைகள் எல்லாம் சுவரேறின.

"மாடு ஏன்டா பல்லி மாதிரி போகுது?" என்றார் பெத்தன், தலையைச் சாய்த்தபடி.

சாம்பார் தெறிக்காமல் இருக்கத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பை ஒன்று வந்தது. யானை அதற்குள் மூச்சுமுட்டி உட்கார்ந்தது. பைக்கு மேல் விரல் வேலை செய்யவில்லை. திரையில் குத்தும் எழுதுகோல் வாங்கினார். அது தொலைந்துபோகாமல் இருக்க ஆளுக்கொன்று கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டினார். நாலு பேரும் மாலை போட்ட பக்தர்கள் மாதிரி நடமாடினார்கள்.

எழுதுகோலால் குத்திக் குத்தி எழுதுவது மெதுவாக இருந்ததால் கம்பியில்லா கீபோர்டு வாங்கினார். சத்தியப்பிரியா மளிகைச் சாமான்களைத் தட்டிப் பார்த்தாள். யானை முகத்தில் ஒரு எழுத்தும் விழவில்லை. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அன்னக்கிளியின் குரல் விழுந்தது.

"ஏய் பிரியா! சீரியல்ல மாமியாக்காரி வெசம் வைக்கிற நேரத்துல எங்க டிவியில 'தட்டப்பயறு அரைக் கிலோ'ன்னு வருதுடி!"

"அழிச்சிர்றேன்க்கா!" என்று சத்தியப்பிரியா ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். அன்னக்கிளி வீட்டு டிவி அணைந்தே போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் கார் சத்தம் கேட்டது.

"வந்துட்டாக! எல்லாரும் பயன்படுத்துங்க!" என்று முத்துக்கண்ணன் அலறினார்.

கொக்கு இப்போது ஃபிரிட்ஜில் முடுக்கப்பட்டிருந்தது. அதில் பிளாஸ்டிக் பை, பைக்குள் யானை, யானைக்குள் எங்கோ டேப்லெட். மீனு ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். பெத்தன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார். சத்தியப்பிரியா ஒரு கையால் சாம்பாரைக் கிண்டி, மறுகையால் எழுதுகோலால் குத்தினாள். முத்துக்கண்ணன் கீபோர்டைத் தட்டினார். பக்கத்து வீட்டில் டிவி திடீரென்று அலறியது.

அழகுசுந்தரம் உள்ளே வந்தார். நின்றார். தேரைச் சுற்றுவதுபோல் ஃபிரிட்ஜை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"மாப்ள!" என்றார் தழுதழுத்து. "ஒரு பொருள் வீட்டுக்கு வந்தா இப்படில்ல பயன்படுத்தணும்! இதுவல்லவா குடும்பம்!"

முத்துக்கண்ணனை இழுத்து அணைத்துக்கொண்டார். நெற்றி வீக்கம் மச்சானின் தோளில் இடித்தது. ஆனாலும் முத்துக்கண்ணனுக்கு வலிக்கவே இல்லை. சத்தியப்பிரியா எழுதுகோல் கயிற்றால் கண்ணைத் துடைத்தாள்.

அப்போது பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு டிரைவர் பொன்னழகு உள்ளே வந்தான். அவற்றை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்க யானையின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கோவிச்சுக்காதீகண்ணே. போன வாரம் சாரைக் கொண்டாந்து விட்டப்ப, பையோட பையா எம்பிள்ளைக டேப்லெட்டையும் இங்கன எறக்கி வச்சுட்டுப் போயிட்டேன். அத எங்குட்டு எடுத்து வச்சிருக்கீக?"