கோமளாமிஸ் டாட் காமின் பூர்வோத்தரம்

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை காலை.

சிரஞ்சீவி சாய்நாத்துக்கு, அக்கா கோமளா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் ஸ்ரீரஞ்சனியும் அசோக் நகரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்காலைப் பற்றி நீ விசாரிக்காவிட்டாலும் அது சௌக்கியம். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் முதல் வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். தபாலில் வந்த கடிதத்துக்கு அப்படிச் செய்ய முடியாது.

விஷயம் இதுதான். நீ எனக்காகத் தேடிப் பிடித்த கோமளாமிஸ் டாட் காம் என்ற இணைய முகவரியை நான் வாங்கப் போவதில்லை. பேர் காலியாக இருக்கிறது, ஒருவர் விற்கிறார், வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வாங்கிவிடு என்று நீ போனில் சொன்னாய். காலியாக இருப்பதை ஒருவர் எப்படி விற்பார்? அந்த வாக்கியத்தை நான் அன்றைக்கே சிவப்பு மையால் வட்டமிட்டிருக்க வேண்டும். எனக்கும் அவசரம்தான். சாப்பாட்டு மேஜையில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பில் பதினோரு பேர் படிக்கிறார்கள். அதில் இஃப்ரா என்ற பெண்ணுக்கு அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் என் சிபாரிசுக் கடிதம் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். வகுப்பின் பேரில் ஒரு முகவரியிலிருந்து போனால்தான் மதிப்பு என்று சொன்னதும் நீதான்.

சரி என்று, அந்தப் பேரை வாங்குவதற்கு முன்பே நோட்டீஸ் அச்சடிக்க வஜீஹாவிடம் போனேன். வஜீஹாவை உனக்குத் தெரியாது. கச்சேரி ரோடு பக்கத்துச் சந்தில் அச்சு வேலையும் இணையதள வேலையும் சேர்த்துச் செய்கிறாள், நாற்பது வயது இருக்கும். போன வருஷம் என் நோட்டீஸில் ஒரு காற்புள்ளி கூடுதலாக இருக்கிறது என்று காட்டினாள். கூடுதல்தான். முப்பத்தொரு வருஷம் டீச்சர் உத்தியோகம் பார்த்த என் காற்புள்ளியைக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவள். அன்றிலிருந்து வேறு கடைக்கு நான் போனதில்லை.

நோட்டீஸைப் படித்தவள் மிஷினைப் போடவில்லை. "பேரு உங்களுதுதான் மிஸ், இதுக்கு முன்னாடி அந்த அட்ரஸ்ல யார் குடியிருந்தாங்கன்னு பாத்தீங்களா?" என்றாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அது நான் பிறந்ததிலிருந்து என் பேர், அதில் யார் குடியிருக்க முடியும் என்று கேட்டேன். "வாடகைக்கு வூடு பாக்கப் போனாகூட பக்கத்து வூட்ல ஒரு வார்த்த கேப்பீங்கல்ல? குந்துங்க" என்று நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். என்னை அப்படி உட்காரச் சொன்னவர்கள் எங்கள் கான்வென்ட் மதருக்குப் பிறகு யாருமில்லை.

முதலில் அந்தப் பேர் எப்போது பதிவானது என்று பார்த்தாள். போன வருஷம் யாரோ புதுப்பிக்காமல் விட்டதை, நீ சொன்ன அந்த விற்கிற ஆள் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். பிறகு, இணையத்தின் பழைய பக்கங்களைத் தேதி போட்டுப் படம் எடுத்து வைத்திருக்கும் ஒரு காப்பகம் இருக்கிறதாம், அதைத் திறந்தாள். வருஷத்துக்கு ஒரு நாட்காட்டி, படம் எடுத்த தேதிகளில் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டு. போன வருஷத்திலிருந்து ஒவ்வொரு பொட்டாகப் பின்னோக்கிப் போனாள், அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி ஒன்றைக்கூட விடவில்லை. போன வருஷம் என் பேரில் சீட்டாட்டம். அதற்கு முன்னால் சீன எழுத்தில் செருப்பு வியாபாரம். அதற்கும் முன்னால், சாய்நாத், எப்படி எழுதுவது, இரண்டாயிரத்துப் பதினாறில், தோளை மூடாத ஒரு பெண் திரை முழுக்க வந்து நின்றாள். கோமளா மிஸ் உங்களுடன் பேசக் காத்திருக்கிறாள் என்று கீழே கொட்டை எழுத்து.

நம் ஊரில் மிஸ் என்றால் டீச்சர். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்து, உன் அத்திம்பேரும் காலமான பிறகும் நான் மிஸ்தான். காய்கறிக்காரர் கடைசி வரைக்கும் அவரை மிஸ்ஸோட சார் என்றுதான் கூப்பிட்டார். உலகத்தின் மற்ற இடங்களில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவள், என் பேரோடு ஒட்டிப் பார்க்கும்போது மட்டும் அதை மறந்துபோனேன். வஜீஹா சட்டென்று திரையைத் திருப்பிவிட்டாள். ஆனால் எதிர் ஃபிளாட் சுவாமிநாதன், பேரனுடைய பூணூல் பத்திரிகையைப் பிழை திருத்த வந்தவர், அதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டார். "மாமி, இது நீங்க இல்லியோன்னோ?" என்றார். இல்லை என்றேன். "கேட்டு வெச்சுண்டேன், அவ்வளவுதான்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். வஜீஹா எழுந்திருக்கவில்லை. கடிதம்தான் முக்கியம் என்று, மின்னஞ்சலை வடிகட்டுகிறவர்கள் மோசமானவை என்று ஒதுக்கி வைத்திருக்கும் முகவரிகளின் பட்டியல்களில் அந்தப் பேரைத் தேடினாள். மூன்று பட்டியலில் இருந்தது. அங்கிருந்து எது போனாலும் பிரிக்காமலே குப்பைக்குத்தான் போகுமாம். இஃப்ராவுக்கு நான் எழுதும் ஒவ்வொரு வார்த்தையும் போயிருக்கும், அந்தப் பெண் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருந்திருப்பாள். நான் எழுந்தது அந்தத் தோள்காரியைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தது இதை நினைத்து. அரை மணியில் வஜீஹா, இதுவரை யாருமே வைத்திராத ஒரு பேரைக் கண்டுபிடித்து, அதையும் காப்பகத்திலும் பட்டியல்களிலும் போட்டுப் பார்த்து, ஒரு பொட்டுகூட இல்லை என்று காட்டினாள். கோமளாஇங்கிலீஷ் டாட் இன். உப்புச் சப்பில்லாத பேர், ஆனால் சுத்தம். அதை வாங்கியாகிவிட்டது. இஃப்ராவின் கடிதம் நேற்றே போய், சேர்ந்தது என்று பதிலும் வந்துவிட்டது. இத்தனை கருத்தாக வேலை செய்கிற ஒருவரை நான் ஆசிரியர்கள் அறையில்கூடப் பார்த்ததில்லை. நீ பொறியாளர். நீயும் ஒரு தடவை அவள் கடைக்கு வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆகவே, முன்பு யார் கையில் இருந்தது என்று பார்க்காமல் எதையும் சிபாரிசு செய்யாதே. அந்த விற்கிற ஆளிடம், மரியாதையாகவே, வேண்டாம் என்று சொல்லிவிடு. ஸ்ரீரஞ்சனிக்கு என் அன்பு. இருவரும் நோயில்லாமல், சண்டையில்லாமல், கடவுச்சொல் மறக்காமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
கோமளா சந்திரமௌலி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வஜீஹா போனில் கூப்பிட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேனே தவிர, அவள் பாதியில் விடுகிறவள் இல்லை. இரண்டாயிரத்துப் பதினாறுக்கும் முன்னால் போய்ப் பார்த்திருக்கிறாள். இரண்டாயிரத்து ஒன்பதில், நான் ஓய்வு பெற்ற மாதம், அந்தப் பேரை முதன்முதலாகப் பதிவு செய்தது என் பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவுப் பெண்கள். வகுப்பில் நான் முறைத்துக்கொண்டு நிற்கும் படம், கீழே நான் திட்டிய திட்டுகள் நாற்பத்தாறு, நாற்பத்தாறும் பிழையில்லாமல். நான்கு வருஷம் வைத்திருந்துவிட்டு, வேலை, கல்யாணம் என்று போனவர்கள் புதுப்பிக்க மறந்திருக்கிறார்கள். என்னிடம் ஒருத்தியும் சொல்லவில்லை, பயம். அந்த விற்கிற ஆளுக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், வஜீஹா மூலமாக நானே வாங்கிவிட்டேன். பட்டியல்களிலிருந்து பேரை எடுக்கச் சில மாதம் விண்ணப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறாள். இருக்கிறோம். அந்தப் பக்கத்தை அதே படத்தோடு மறுபடியும் போடச் சொல்லியிருக்கிறேன், ஒரே ஒரு மாற்றத்தோடு. தலைப்பில் கிராமர் ராணி என்று ஆங்கிலத்தில் எழுதியவர்கள், கிராமர் என்ற சொல்லின் ஸ்பெல்லிங்கில் இரண்டாவது 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'ஈ' போட்டிருக்கிறார்கள்.